கடலில் பிரேக் போடுகிறவர்

பாய்மரப் படகிலேயே குடியிருப்பவர்களுக்கு மாலை நேரத்தில் ஒரு பொழுதுபோக்கு உண்டு. தேநீர்க் குவளையோடு படகின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு, துறைக்குள் புதிதாக வருகிற படகு நங்கூரம் போடும் அழகைப் பார்ப்பார்கள். புருஷன் பின்னால் நின்று கத்துவான். பெண்டாட்டி முன்னால் நின்று கையை ஆட்டுவாள். படகு இரண்டு பேர் பேச்சையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். இது நல்ல குடும்பமா, நாலு நாளில் பிரியப்போகிற குடும்பமா என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். தாங்கள் வந்த அன்று எதில் மோதினோம் என்பது அப்போது ஒருவருக்கும் ஞாபகம் வராது.

இந்த நீதிமன்றத்தின் முன் ஒரு தடவைகூடத் தலை குனியாதவர் கேப்டன்.

கேப்டன் என்பது அவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட பதவி. அதற்கு முன் குடிநீர் வாரியத்தில் துணைக் கண்காணிப்பாளராக இருந்தார். வேலைக்காலம் முழுக்கத் தண்ணீரைக் கோப்பில் மட்டுமே பார்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு தொப்பி வாங்கினார். பிறகு தொப்பிக்குத் தகுந்த படகு வாங்கினார். தொப்பி வெள்ளை, நெற்றியில் சரிகை நங்கூரம். படகுக்கு ‘திக்விஜயம்’ என்று பெயர் வைத்துப் பின்பக்கம் பெரிதாக எழுதினார். உப்புக்காற்று தின்றது போக இப்போது ‘திக்’ மட்டும் மிச்சம். காற்றடிக்கும் நாட்களில் அதுவே போதுமானதாக இருந்தது.

அவருடைய மனைவியை எல்லாத் துறையிலும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். மேடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பாதியை அவர்களிடமிருந்து காப்பாற்றியவர். கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அந்த பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், கோயில் சிலை மாதிரி நேரே பார்த்தபடி, “கொஞ்சம் இடது, கண்ணு” என்று சொல்வதுதான் அவர் வித்தை. அந்த வித்தைக்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தார். சுவர் வரும்வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் ஓட்டுகிறவன் ஓட்டக் கற்றுக்கொள்ள மாட்டான். நாம் தொட்டதை மட்டும் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

தொழில் விட்டாலும் கால் விடவில்லை. படகின் பின்பகுதியில், படகைத் திருப்பும் சக்கரத்தைச் சுற்றி உட்காரக் குழிவாக ஓர் இடம் உண்டு. அதற்குக் ‘கூடம்’ என்று பேர் வைத்திருந்தார்கள். கேப்டன் சக்கரத்தின் பின்னால் நிற்க, மேடம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு படகு குறுக்கே வந்தால் போதும், மேடத்தின் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதிக்கும். டொக்.

“கடல்ல பிரேக் போடுற ஒரே ஜீவன் என் பொண்டாட்டிதான்” என்று கேப்டன் ஒவ்வொரு துறையிலும் சொல்லிச் சிரிக்க வைத்தார். “நிக்குமா, மேடம்? இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாரேன்.”

சமீபமாக அந்தக் கேலியை அவர் நிறுத்திவிட்டார். வயசாகிவிட்டது, பக்குவம் வந்துவிட்டது என்று மேடம் நினைத்துக்கொண்டார். அது மட்டுமில்லை. கூடத்துத் தரையில் கிடந்த ரப்பர் விரிப்பையும் ஒருநாள் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “நாத்தம்” என்றார். மேடம் குனிந்து மோந்து பார்த்தார். விரிப்பு நாறவில்லை. ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தானாக ஒரு பொருளைச் சுத்தம் பண்ணுவது இதுதான் முதல் தடவை. கண் பட வேண்டாம் என்று மேடம் பேசாமல் இருந்துவிட்டார்.

கண் விஷயம்தான் வேறு மாதிரி இருந்தது.

முதலில் தேநீரில் உப்பு விழுந்தது. அடுத்து, மிதவையின் மேல் உட்கார்ந்திருந்த பெரிய பறவை ஒன்றைப் பார்த்து, பக்கத்துப் படகுக்காரர் என்று நினைத்து, கேப்டன் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தார். பறவை பதில் மரியாதை செய்யவில்லை. “இந்தக் காலத்துல யாருக்கும் பண்பே இல்ல” என்றார் கேப்டன். மேடம் சிரிக்கவில்லை. அன்று மதியம் ஸ்பேனர் தேடப் போனபோது, கருவிப்பெட்டியின் அடியில், கிரீஸ் துணியில் சுற்றிய ஒரு சின்னப் புட்டி கிடைத்தது. கண்ணில் விடுகிற சொட்டு மருந்து. அதோடு ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. கண் நரம்பு தேய்கிறது, போனது திரும்பாது, மருந்து விட்டால் மீதி மெதுவாகப் போகும் என்பது அதன் சாராம்சம்.

மேடம் புட்டியை மறுபடி அதே துணியில் சுற்றி அதே இடத்தில் வைத்தார். மனுஷர் ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை. அவர் ஒளித்து வைத்தபடியே இருக்கவிடுவதுதான் குடும்பம்.

ஏன் ஒளித்தார் என்பதும் மேடத்துக்குத் தெரியும். பல்டாக்டர் கதைதான் காரணம். பக்கத்துப் படகிலேயே பல வருஷம் கூட வந்தவர், முழங்கால் போய்விட்டது என்று படகை விற்றுவிட்டு ஏழாவது மாடியில் ஒரு வீட்டில் குடியேறினார். ஊர் உலகத்தில் ‘கரையேறிட்டார்’ என்றால் நல்ல செய்தி. படகுக்காரர்கள் அதை இழவு சொல்கிற குரலில் சொல்வார்கள். கேப்டன் அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, “பால்கனியில தொட்டிச் செடி வெச்சிருக்கான். அதுக்குத் தண்ணி ஊத்தறான். அவ்வளவுதான் தண்ணி அவனுக்கு” என்றார்.

மகள் வேறு வாரம் தவறாமல் போனில் கூப்பிடுவாள். “அப்பா, எங்க வீட்டுக்குக் கீழேயே ஒரு வீடு காலியா இருக்கு. லிஃப்ட் இருக்கு.”

“லிஃப்ட் எங்கே போகும்மா?”

“மேல போகும், கீழ வரும்.”

“அலையும் அதைத்தான் பண்ணுது” என்று போனை மேடத்திடம் கொடுத்துவிடுவார்.

ஆகவே மேடம் தன் பழைய வித்தையை வெளியே எடுத்தார். நேரே பார்த்தபடி, யாரிடமும் பேசாத மாதிரி, வாய் ஓயாமல் பேசத் தொடங்கினார். “அட, வலது பக்கம் என்ன அழகா ஒரு சிவப்பு மிதவை.” “இந்த மீன்வலைக்காரங்க பாரேன், நேர் எதிர்ல வந்து விரிக்கிறாங்க.” கேப்டன் சக்கரத்தை அசைப்பார். அவர் தானே பார்த்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். மேடம் தான் ஒன்றும் சொல்லாத மாதிரி வைத்துக்கொள்வார். புட்டியில் மருந்து குறையக் குறைய, துறைக்குப் போகும்போதெல்லாம் மேடம் புதிதாக வாங்கிப் பழையதில் ஊற்றி வைத்தார். கருவிப்பெட்டியில் ஓர் அட்சய பாத்திரம் இருப்பதைப் பற்றிக் கேப்டன் வியந்ததாகத் தெரியவில்லை.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தார்கள். வானிலை குறுக்கே வந்தார்.

வானிலை என்பதும் பட்டப்பெயர்தான். இன்னொரு படகில் தன் அக்காவோடு வாழ்கிறவர். மேகத்தைப் பார்த்து ஆரூடம் சொல்வார். சொன்னதற்கு நேர்மாறாக நடக்கும். அந்த வகையில் அவரை நம்பலாம். ஒருநாள் அவர் முன்னதாகவே அடுத்த துறைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து போன் பண்ணினார். “கிளம்பி வாங்க கேப்டன். கடல் வெண்ணெய் மாதிரி இருக்கு.”

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. “தம்பி வெண்ணெய்ங்கறான். சட்டை ரெண்டு கூடப் போட்டுக்கிட்டு வாங்க.”

மதியத்துக்குள் வெண்ணெய் உருகிவிட்டது. பின்னாலிருந்து காற்று பிடித்துத் தள்ள, ஒவ்வொரு அலையும் வீடு மாதிரி எழுந்து, படகின் பின்பக்கத்தைத் தூக்கி, கீழே விட்டது. இருவரும் சேர்ந்து பெரிய பாயைப் பாதிக்குச் சுருக்கிக் கட்டினார்கள். அப்புறம் அதையும் பாதியாக்கினார்கள். உள்ளே தொங்கிய வலைப்பையிலிருந்து வெங்காயங்கள் தப்பித்து, தரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூட்டமாக ஓடின. கெட்டில் தன் ஆணியில் தலைகீழாகத் தொங்கப் பார்த்தது. ஜன்னல் விளிம்பில் எப்போதும் ஒழுகுகிற இடம் ஒழுகியது. எப்போதும் வைக்கிற கிண்ணத்தை மேடம் வைத்தார். பிறகு முழங்கால்வரை வருகிற கனத்த ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கேப்டன் தொப்பியைத் தாடைக்குக் கீழே ஒரு கயிற்றால் கட்டியிருந்தார். கம்பீரம் போகாமலிருக்க அவர் செய்த ஏற்பாடு. பார்ப்பதற்குப் பல்வலிக்காரர் மாதிரி இருந்தது.

கடலுக்கு நடுவில் எந்தத் தொல்லையும் இல்லை. அங்கே பார்க்க ஒன்றுமில்லை. அலை முதுகில் வருவதை உடம்பே சொல்லிவிடும். கேப்டன் நன்றாகவே ஓட்டினார். உண்மையிலேயே நன்றாக ஓட்டினார். மேடம் அவர் தோளைப் பார்த்தார். அலை தூக்கும்போது இறங்கி, விடும்போது ஏறி, கூடவே நடக்கிற தோள். குடிநீர் வாரியத்தில் இப்படி ஒரு தோள் இருந்ததை யாரும் கண்டுபிடிக்காமல் போனார்கள்.

தொல்லை கரையில்தான் காத்திருந்தது. அந்தத் துறைக்கு வாசல் குறுகல். கடலுக்குள் நீண்ட இரண்டு கருங்கல் சுவர்கள். ஒன்றின் முனையில் சிவப்புக் கம்பம், மற்றதின் முனையில் பச்சைக் கம்பம். நடுவில் நுழைய வேண்டும். காற்று இப்போது குறுக்கே அடித்தது. பாயை முழுக்கச் சுருட்டிவிட்டு இன்ஜினைப் போட்டார்கள். கயிறெல்லாம் பாய்மரத்தில் அடித்துக்கொண்டு கத்தின.

“அடடா, இடது பக்கம் அந்தச் சிவப்புக் கம்பம்தான் எவ்வளவு உயரம்!” என்றார் மேடம்.

காற்று அதை வாயிலேயே பிடுங்கிக்கொண்டு போனது.

“சிவப்புக் கம்பம்!” என்று கத்தினார். கேப்டன் திரும்பவில்லை. மேடம் அவர் முகத்தைப் பார்த்தார். அது சுவரின் நடுப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தது, அங்கே ஒரு வாசல் இருக்கிற மாதிரி. படகும் முகம் காட்டிய பக்கமே போய்க்கொண்டிருந்தது. மேடத்தின் கால் மிதித்தது. ரப்பர் பூட்ஸ் சத்தமே எழுப்பவில்லை. மறுபடி மிதித்தது. மறுபடியும்.

சுவர் வந்துவிட்டது. இனித் தொடத்தான் வேண்டும் என்று மேடம் கையைத் தூக்கினார்.

“மேடம்!” என்றார் கேப்டன்.

“சொல்லுங்க!”

“நான் யோசிச்சுப் பாத்தேன். இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவகூட படகைத் துறைக்குள்ள கொண்டு போனதில்ல.”

“இல்ல!”

“நாளைக்கே எனக்கு ஒரு காய்ச்சல் வந்தா? ஒரு பயிற்சி வேணாமா உனக்கு?”

மேடம் சுவரைப் பார்த்தார், அலை அதில் மோதித் தென்னை உயரம் எழும்புவதைப் பார்த்தார். “இப்பவா?”

“இப்பத்தான். அமைதியா இருக்கறப்ப யாரு வேணா ஓட்டலாம்.” குரல் அதிகாரமாகத்தான் இருந்தது. சக்கரத்தைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. “இந்தா, புடி. சீக்கிரம் புடி.”

மேடம் பிடித்தார். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

ஊரில் பாதிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அன்றைக்கு மாணவி ஆனார். “என்னங்க, இத எந்தப் பக்கம் திருப்பணும்?” என்று கேட்டுக்கொண்டே, திருப்ப வேண்டிய பக்கம் முழு வேகத்தில் திருப்பினார்.

“வலது பக்கம்! இல்ல, உன் மனசுக்கு எது சரின்னு படுதோ அந்தப் பக்கம்!”

“இப்படியா?”

“அப்படித்தான்! இப்ப வேகத்தைக் குறை!”

மேடம் வேகத்தைக் கூட்டினார். குறுக்குக் காற்றில் மெதுவாகப் போனால் சுவர் சம்பந்தி மாதிரி கட்டிப் பிடித்துக்கொள்ளும். “குறைச்சுட்டேங்க!”

“சபாஷ்! பயப்படாதே, நான் பக்கத்துலயே இருக்கேன்!”

அது மட்டும் உண்மை. பக்கத்தில்தான் இருந்தார். மேடத்தின் சட்டைப் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, நின்றுகொண்டிருந்தார். சிவப்புக் கம்பம் இடது பக்கம் கையெட்டும் தூரத்தில் போனது. பச்சைக் கம்பம் வலது பக்கம் போனது. அப்புறம் யாரோ கதவைச் சாத்திய மாதிரி காற்று நின்றது.

துறைக்குள் தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி இருந்தது. எங்கேயோ ஒரு படகில் யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை. ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. எல்லாப் படகின் பின்பக்கத்திலும் குவளையோடு நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

நங்கூரம் போட வேண்டும். கேப்டன் படகின் ஓரக் கம்பியைத் தடவித் தடவி முன்பக்கம் போனார். சங்கிலியை ஓடவிட்டு, மண்டி போட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். நங்கூரம் மண்ணை இழுத்துக்கொண்டு வந்தால் சங்கிலி கையில் கரகரக்கும்; ஆழமாகப் பிடித்துவிட்டால் அமைதியாகிவிடும். இதற்குக் கண் எதற்கு? வெகு நேரம் கேட்டுவிட்டுக் கையை உயர்த்தினார். மேடம் இன்ஜினை அணைத்தார்.

பக்கத்துப் படகிலிருந்து வானிலை எழுந்து நின்று கைதட்டினார். கூடத்துக்கு மேலே கூரையாகக் கட்டியிருந்த கித்தான் நனைந்து தொங்கி மறைத்ததில், உள்ளே நுழைந்தபோது சக்கரத்தில் யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. தொப்பி மட்டும் தெரிந்தது.

“கேப்டன்! அந்தக் குறுக்குக் காத்துல கத்தி மாதிரி உள்ள நுழைச்சீங்களே! அனுபவம்னா இதான்!”

“டேய், உன் வெண்ணெயிலேர்ந்துதான் தப்பிச்சு வர்றாங்க” என்றார் அவர் அக்கா. “முதல்ல மன்னிப்புக் கேளு.”

மேடம் குனிந்து, ஏற்கெனவே சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி சுற்றினார். பாராட்டை அவரே வாங்கிக்கொள்ளட்டும். பாஸானவன் வீட்டில் போய், நான்தான் ஓட்டினேன் என்று சொல்வான்; வாத்தியார் கூடவா போய் மறுப்பார்?

கேப்டன் தாடையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். தொப்பியைக் கழற்றினார். உள்ளே தலைமுடி குழந்தைக்கு மாதிரி ஒட்டிக் கிடந்தது.

“நான் ஓட்டல” என்றார். “மேடம்தான் ஓட்டினாங்க.”

“ஓ, பயிற்சியா?”

கேப்டனுக்கு அது நல்ல வழி. பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். மேடம் அதைத்தான் எதிர்பார்த்தார்.

“இல்ல. எனக்கு வாசல் தெரியல. கண்ணு போயிட்டிருக்கு.”

துறை முழுக்கக் குவளைகள் பாதி வழியில் நின்றன. எங்கேயோ ரேடியோவை அணைத்தார்கள். வானிலை வாயைத் திறந்து மூடினார். அவருக்கு முன்னறிவிப்பு ஒன்றும் கிடைக்கவில்லை.

அக்காதான் பேசினார். “அதுக்கென்ன கேப்டன். எங்க தம்பிக்கு ரெண்டு கண்ணும் பளிச்சுனு இருக்கு. அப்படியும் தலைக்கு மேல இருக்கற வானம் தெரியல. சூடா இருக்கறப்பவே சாப்பிடுங்க, ஒரு பாத்திரம் அனுப்பறேன்.”

குவளைகள் மறுபடி வாய்க்குப் போயின.

உள்ளே மேடம் வெங்காயங்களைப் பிடித்துப் பையில் அடைத்தார். கேப்டன் மேஜை ஓரத்தில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார். தேநீர் வந்தது. மேடம் குவளையின் பிடியை அவர் கைப்பக்கம் திருப்பி வைத்தார். எத்தனையோ மாதமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

“உனக்குத் தெரியும்ல?” என்றார் கேப்டன்.

“தெரியும்.”

“உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். சொட்டு மருந்து தீரவே இல்லையே. குடிநீர் வாரியத்துலகூட அப்படி ஒரு தொட்டி கிடையாது.”

மேடம் சிரித்துவிட்டார். “நான் சொல்ற மிதவை, வலை எல்லாம் கேட்டுத்தான் இவ்வளவு நாள் ஓட்டினீங்களா?”

“அது பாதி கேக்கும், பாதி காத்துல போயிடும். நீ வேற அழகு, உயரம்னு இழுத்து இழுத்துச் சொல்லுவே, அதுக்குள்ள மிதவை பின்னால போயிடும்.” அவர் தேநீரை ஊதினார். “உன் கால்தான்.”

“என் காலா?”

“டொக்குனு கேட்டா ஏதோ எதிர்ல இருக்குன்னு அர்த்தம். லேசாக் கேட்டா தூரத்துல. ரெண்டு தடவ கேட்டா உடனே திருப்பணும். வாய் பொய் சொன்னாலும் கால் சொல்லாது. இன்னிக்குத்தான் காத்துல ஒண்ணுமே கேக்கல.”

மேடம் கையில் ஒரு வெங்காயத்தோடு நின்றார். எத்தனை துறையில் அந்தக் காலைப் பற்றி எத்தனை பேர் சிரித்திருக்கிறார்கள். அதை அடக்க, பாதத்தை இன்னொரு பாதத்தின்மேல் வைத்துக்கூட உட்கார்ந்து பார்த்திருக்கிறார். “அதுக்குத்தான் விரிப்பைத் தூக்கிப் போட்டீங்களா?”

“நல்ல விரிப்பு” என்றார் கேப்டன் வருத்தமாக.

கேப்டன் குவளையை மேஜையில் வைத்தார்.

“கரையேறிடலாமா?” என்றார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் பல்டாக்டர் வீட்டு பால்கனிக்குப் போய்விட்டு வந்தது. “கண்ணு தெரியாதவன் எல்லாம் கேப்டனா?”

மேடம் உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றினார். அவசரப்படாமல், நேரே பார்த்தபடி, யாரிடமும் பேசாத மாதிரி சொன்னார். “இந்தப் பெரிய பெரிய கப்பல்ல எல்லாம் கேப்டன்தான் சக்கரத்தப் புடிச்சு ஓட்டுவாரா? அதுக்குன்னு ஒரு ஆள் இருப்பாருன்னு சொல்வாங்களே. எனக்கென்ன தெரியும்.”

கேப்டன் குவளையை எடுத்தார். தேநீரைக் குடித்தார். இன்னொரு குவளை கேட்டார்.

மறுநாள் காலை, அக்காவின் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, கேப்டன் தொப்பியோடு வானிலைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது துறை முழுக்கக் கேட்டது. “பெரிய கப்பல்ல எந்தக் கேப்டனாவது சக்கரத்தத் தொட்டதப் பாத்திருக்கீங்களா? தொட மாட்டான். அதுக்குத் தனியா ஆள். நான்தான் இத்தனை நாள் புத்தியில்லாம ரெண்டு வேலையும் பாத்துட்டிருந்தேன். ராத்திரி யோசிச்சேன், எடுத்துட்டேன் முடிவு.”

“பிரமாதமான யோசனை!” என்றார் வானிலை. “இன்னிக்கு மழை வராது, நம்பிக் கிளம்புங்க.”

மேடம் மழைச்சட்டையை எடுத்து வைத்தார்.

நங்கூரத்தைக் கேப்டன்தான் தூக்கினார், உள்ளங்கையால் கேட்டுக் கேட்டு. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்து, மேடம் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். இதமான காற்று. கல்சுவர் நேற்று நடந்தது எதுவும் தெரியாத மாதிரி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மேடம் சக்கரத்தைப் பிடித்தார். வாசலுக்கு நேரே படகைத் திருப்பினார்.

“எதிர்ல ஒரு மீன்பிடி படகு வருது” என்றார். இப்போது அழகு, உயரம் எதுவும் சேர்க்கவில்லை.

டொக்.

மேடம் குனிந்து பார்த்தார். கேப்டனின் வலது கால் தரையை ஓங்கி மிதித்திருந்தது. கேப்டன் தொப்பியைச் சரிசெய்தபடி, ஒன்றும் நடக்காத மாதிரி, நேரே கடல் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த துறையில ஒரு விரிப்பு வாங்கணுங்க” என்றார் மேடம்.

“எதுக்கு? உன் காலு இனிமே சும்மாத்தானே இருக்கும்.”

“என் காலுக்கில்ல” என்று சொல்லி, மேடம் மீன்பிடி படகுக்கு வழி விட்டார்.